உங்களுக்குத் தெரியுமா? வாசல்வரை வந்த வைத்தியம்

2023-ஆம் ஆண்டில் மட்டும் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் உலகெங்கும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. இரண்டு நிமிடத்துக்கு ஓர் உயிர். பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஏழை நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமான நாடுகளிலும்தான். பிரசவத்துக்குப் பின் நிற்காத உதிரப்போக்கு, ரத்த அழுத்தம் ஏறி வரும் ஜன்னி, கிருமித் தொற்று ஆகியவை பெரிய காரணங்கள். மூன்றுக்கும் மருந்து இருக்கிறது, அதுவும் மலிவான மருந்து. அப்புறம் ஏன் சாகிறார்கள்? மருந்து இருக்கும் இடத்துக்கும் தாய் படுத்திருக்கும் பாய்க்கும் நடுவே கிடக்கும் தூரம்தான் காரணம். இந்த முறை துணுக்குகள் எல்லாம் அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களைப் பற்றி.

★

"தாய் சேய் நலம்" என்று எத்தனையோ பலகைகளில் படித்திருப்போம். அதில் தாய் எங்கே என்று 1985-இல்தான் இரண்டு பேர் உரக்கக் கேட்டார்கள். ஆலன் ரோசன்ஃபீல்ட், டெபோரா மெய்ன் இருவரும் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்தக் கேள்வி இருந்தது. அதுவரை அந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை பிள்ளையின் தடுப்பூசி, பிள்ளையின் எடை, பிள்ளையின் வயிற்றுப்போக்கு என்றே ஓடிக்கொண்டிருந்தன. இரண்டே வருடத்தில், 1987-இல், நைரோபியில் தாய்மார் உயிர் காப்பதற்கென்றே உலக மாநாடு கூடியது.

★

அதே டெபோரா மெய்ன், செரீன் தாடியஸுடன் சேர்ந்து 1994-இல் இன்னொன்றையும் எழுதினார். ஒரு தாயின் சாவுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருக்கின்றன என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் வைத்தியம் கிடைப்பதில் ஒன்று. நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், "அவங்க அப்பா வரட்டும், கேட்டுட்டுப் போகலாம்" என்பது முதலாவது. "இந்நேரத்துக்கு வண்டிக்கு எங்கே போக" என்பது இரண்டாவது. "டாக்டர் இல்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பது மூன்றாவது. உலகின் பல நாடுகளில் தாய் மரண விசாரணைகளில் இன்றும் இந்த மூன்று தலைப்புகளை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

★

பிறப்பு, இறப்புப் பதிவே சரியாக இல்லாத நாட்டில் பிரசவத்தில் எத்தனை பெண்கள் இறந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடு வீடாகப் போய் "உங்கள் வீட்டில் யாராவது இறந்தார்களா" என்று கேட்டால் ஆயிரக்கணக்கான வீடுகள் ஏற வேண்டும். வெண்டி கிரஹாம், வில்லியம் பிராஸ், ராபர்ட் ஸ்நோ ஆகியோர் 1989-இல் ஒரு வழி சொன்னார்கள். முதலில் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் செய்து பார்த்தார்கள். வீட்டில் இருப்பவரிடம் அவர் வீட்டைப் பற்றிக் கேட்காமல், கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்பது. உங்களுடன் ஒரே வயிற்றில் பிறந்த அக்கா, தங்கைகள் எத்தனை பேர்? எத்தனை பேர் இருக்கிறார்கள்? இறந்தவர்கள் கர்ப்பமாக இருந்தபோதோ, பிரசவத்தின்போதோ, பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள்ளோ இறந்தார்களா? ஒருவரிடம் கேட்டாலே நாலைந்து பெண்களின் கதை கிடைத்துவிடும். குறைந்த வீடுகளிலேயே நாட்டின் நிலவரம் புரியும்.

இதைப் படித்த அன்று எனக்கு என் அம்மாவின் மூத்த அக்கா ஞாபகம் வந்தார். அவருக்குப் படம் கிடையாது. வீட்டில் யாராவது அவர் பேரை எடுத்தால், "அவளா, தலைச்சன் பிரசவத்துல போயிட்டா" என்ற ஒரே வரிதான் வரும். எந்தப் பதிவேட்டிலும் அந்தச் சாவு தாய் மரணம் என்று ஏறியிருக்காது. என் அம்மாவிடம் யாராவது அந்த மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் மட்டுமே பெரியம்மா கணக்கில் வந்திருப்பார்.

★

இலங்கையில் 1930-களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000-க்கும் அதிகமான தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 1950 வாக்கில் அது 600-க்கும் கீழே வந்தது. பிறகு ஆறிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்து, இன்று இரண்டு இலக்கத்துக்குள் நிற்கிறது. பணக்கார நாடு ஆன பிறகு நடந்த மாற்றமில்லை இது. நாடு ஏழையாக இருக்கும்போதே நடந்தது.

தொடக்கம் 1926. கொழும்புக்குத் தெற்கே களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு திறந்தார்கள். இத்தனை ஊருக்கு ஒரு மருத்துவ அதிகாரி, இத்தனை வீட்டுக்கு ஒரு மருத்துவிச்சி என்று எல்லை பிரித்துக் கொடுத்தார்கள். தன் எல்லைக்குள் எந்தப் பெண் மாசமாக இருக்கிறாள் என்பது மருத்துவிச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் தேடி வரும்வரை காத்திருக்கக் கூடாது, இவர் தேடிப் போக வேண்டும். அந்த முறை நாடு முழுக்கப் பரவியது. 1951-இல் அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1980-களில் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் கட்டாயம் அறிவித்து விசாரிக்க வேண்டும் என்று வந்தது.

தமிழ்ப் பகுதிகளில் இந்த மருத்துவிச்சியைக் குடும்ப நல உத்தியோகத்தர் என்று கடிதத்தில் எழுதுவார்கள், நேரில் "மிஸ்" என்பார்கள். கர்ப்பிணி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வார், இரும்புச்சத்து மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினாயா என்று கேட்பார், பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்கே வந்து தாயின் காய்ச்சலையும் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார். இவ்வளவு நல்ல அமைப்பிலும் ஓர் ஓட்டை இருந்தது. மலையகத் தோட்டங்களின் ஆஸ்பத்திரிகள் நெடுங்காலம் அரசு அமைப்புக்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. தேசம் முன்னேறியபோது லயன் அறைகளில் பிரசவித்த தமிழ்ப் பெண்கள் பின்தங்கி நின்றார்கள். அதை மறந்துவிட்டு இலங்கையைப் புகழ்வது நியாயமாகாது.

★

பிரசவ அறைகளில் தாயின் கேஸ் ஷீட்டோடு ஒரு கட்டம்போட்ட தாள் இருக்கும், பார்ட்டோகிராம் என்று பெயர். அதிலுள்ள எச்சரிக்கைக் கோடுகள் லண்டனிலோ நியூயார்க்கிலோ பிறந்தவையல்ல. இன்றைய ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில், 1972-இல், ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள் உருவாக்கியவை. சுற்றுப்புறக் கிளினிக்குகளில் டாக்டர் இல்லை, மருத்துவிச்சி மட்டும்தான். எந்தத் தாயை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் தனியாக முடிவெடுக்க வேண்டும்.

தாளில் சாய்வாக ஒரு கோடு. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தால் வரும் கோடு அது. மருத்துவிச்சி ஒவ்வொரு முறை பரிசோதித்ததும் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறிகள் கோட்டுக்கு இடப்பக்கமே ஏறினால் நல்லது. வலப்பக்கம் சரிந்தால் எச்சரிக்கை, வண்டிக்குச் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரம் தள்ளி இன்னொரு கோடு. குறி அதைத் தொட்டால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். அந்த நான்கு மணி நேரம் எதற்கு? கிராமத்து கிளினிக்கிலிருந்து நகரத்துக்குப் போய்ச் சேர. பயண நேரத்தையே மருத்துவத் தாளில் கோடாக வரைந்துவிட்டார்கள்.

★

டாக்கா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சயீபா அக்தரின் கண்ணெதிரே தாய்மார் உதிரம் கொட்டி இறந்துகொண்டிருந்தார்கள். கர்ப்பப்பைக்குள் வைத்து ஊதி அழுத்தம் கொடுக்கும் பலூன் வெளிநாட்டில் இருந்தது, விலை எட்டாத உயரத்தில். அவர் ஒரு ஆணுறையை எடுத்தார், ரப்பர் குழாயின் முனையில் நூலால் கட்டினார், உள்ளே வைத்து சலைன் தண்ணீரை ஏற்றினார். ஆணுறை பலூனாக விரிந்து கர்ப்பப்பைச் சுவரை அழுத்தியது. 2003-இல் அவர் குழு வெளியிட்ட முதல் கட்டுரையில் 23 தாய்மார். எல்லோருக்கும் 15 நிமிடத்துக்குள் உதிரம் நின்றது. ஆணுறை, குழாய், நூல், சலைன். எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் நான்கு பொருட்கள். இன்று பல ஏழை நாடுகளில் இந்த முறை கற்றுத்தரப்படுகிறது.

★

"பிள்ளை பெத்தா உதிரம் போகத்தான் செய்யும்." நம் ஊரில் பாட்டிமார் சொல்வது இது, ஓரளவு உண்மையும்கூட. எவ்வளவு போனால் ஆபத்து என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, டாக்டர்களாலும் முடியாது. பஞ்சிலும் துணியிலும் தரையிலும் போனதைக் கூட்டிப் பார்க்கும்போது எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அதற்கு ஒரு தீர்வு, தாயின் அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனி புனல்போலக் குவிந்து ஒரு பையில் முடியும், பையின்மேல் மில்லிலிட்டர் கோடுகள். கர்நாடகத்தின் பெல்காமில் நடந்த ஓர் ஆய்வுக்காக இப்படியொரு விரிப்பை முன்பே தயாரித்திருந்தார்கள்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில், இந்த விரிப்பையும், கோட்டைத் தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கும் முறையையும் பரிசோதித்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. கடுமையான உதிரப்போக்கும் அதனால் வரும் விபரீதங்களும் 60 சதவீதம் குறைந்திருந்தன. புது மருந்து ஒன்றும் இல்லை. இருந்த மருந்தை நேரத்துக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

★

உதிரம் நிற்கப் போடும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் அந்தக் குப்பி வெயிலில் வீரியம் இழந்துவிடும். நர்ஸ் ஊசி போட்டிருப்பார், வேலை செய்திருக்காது. வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்தை இந்தியா உள்பட 10 நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 தாய்மாரிடம் சோதித்து, அதுவும் ஆக்சிடோசினுக்கு இணையானது என்று 2018-இல் உறுதிசெய்தார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத ஊருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

★

ஜன்னிக்கு மருந்து மெக்னீசியம் சல்ஃபேட், ஓர் உப்பு. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-இல் காட்டியது: வரவிருந்த ஜன்னியில் பாதிக்கும் மேல் இதனால் தடுக்கப்பட்டது.

★

பெருவின் ஆண்டிஸ் மலையில், அயகூச்சோ பகுதியின் கெச்சுவா பழங்குடிப் பெண்கள் சுகாதார நிலையத்துக்குப் பிரசவத்துக்கு வரவே மாட்டார்கள். 1999-இல் சாந்தில்லானா வட்டாரத்தில் நூற்றுக்கு 6 பிரசவம்தான் அங்கே நடந்தது. "அறியாமை" என்று சொல்லி விட்டுவிடாமல், ஏன் வரவில்லை என்று அவர்களிடமே போய்க் கேட்டார்கள்.

பதில்கள் நமக்குப் புரியாதவை அல்ல. எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. துணியை அவிழ்க்கச் சொல்கிறார்கள். குளிரில் போடுகிறார்கள். மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள், எங்கள் வழக்கம் குந்தியிருந்து பெறுவது. புருஷனையும் அம்மாவையும் உள்ளே விடுவதில்லை. நஞ்சுக்கொடியைக் குப்பையில் எறிகிறார்கள், நாங்கள் புதைக்க வேண்டியதை.

கட்டிலோடு சேர்த்துக் கூரையிலிருந்து ஒரு கயிறும், குந்த ஒரு பலகையும் வைத்தார்கள். கெச்சுவா பேசுவோரைப் பணியில் அமர்த்தினார்கள். வீட்டார் கூடவே இருக்கலாம், ஊர் மருத்துவிச்சியும் வரலாம், நஞ்சுக்கொடி குடும்பத்தின் கையில். 2007-இல் நூற்றுக்கு 83 பிரசவம் நிலையத்தில் நடந்தது. குந்தியிருந்து பெறும் முறையைப் பெரு அரசு 2005-லேயே தன் மருத்துவ விதிமுறையில் சேர்த்துவிட்டது. ஆறிலிருந்து எண்பத்து மூன்று. இந்த இரண்டு எண்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மாறியது ஆஸ்பத்திரிதான், பெண்கள் முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தார்கள்.

★

எத்தியோப்பியாவில் பிரசவம் முடிந்ததும் தாய்க்குக் கெட்டிக் கஞ்சி கொடுத்து, காப்பிக் கொட்டையை வறுத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குடிப்பது சம்பிரதாயம். சுகாதார நிலையங்களிலேயே அந்தக் கஞ்சியையும் காப்பியையும் ஏற்பாடு செய்தார்கள், பெண்கள் வரத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் அங்கன்வாடி வழியாக நடக்கும் சமுதாய வளைகாப்பும் இதே யோசனைதான். ஏழைப் பெண்ணின் கைக்கும் வளையல், ஐந்து வகைச் சாதம், கூடவே ரத்தசோகை பற்றி நாலு வார்த்தை. பிறந்த வீட்டில் வளைகாப்பு போட வசதியில்லாத பெண், கையைத் தூக்கித் தூக்கி வளையலைப் பார்த்துக்கொள்வதை நேரில் பார்த்திருக்கிறேன். அடுத்த செக்கப்புக்கு அவர் தானாக வந்துவிடுவார்.

★

நேபாளத்தில் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு வழிச்செலவுக்குப் பணம் தரும் திட்டம் 2005-இல் வந்தது. தொகை எல்லோருக்கும் ஒன்றில்லை. தொடக்கத்தில் சமவெளியில் 500 ரூபாய், குன்றுப் பகுதியில் 1,000, உயர்மலையில் 1,500. உயரம் ஏற ஏற உதவியும் ஏறியது. 2009 முதல் 'ஆமா' திட்டத்தில் பிரசவமே இலவசம். ஆமா என்றால் அம்மா. தூரத்தை ரூபாயாக மாற்றித் தந்த இந்தக் கணக்கு என்னை மிகவும் கவர்ந்தது. சம தொகை என்பது மலைக்காரிக்குச் சம நீதி ஆகாதே.

★

கியூபாவில் 1962 முதல், தொலைதூரக் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்போது வந்து தங்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தாய்மார் இல்லங்கள் உண்டு. வலி எடுத்த பிறகு வண்டி தேட வேண்டாம்.

★

வலி எடுத்துப் போனால் வாசலில் முதலில் காசு கேட்பார்கள் என்ற பயமே பல பெண்களை வீட்டில் நிறுத்திவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நீண்ட உள்நாட்டுப் போரில் சிதைந்த நாடு. 2010 ஏப்ரல் 27, அந்நாட்டுச் சுதந்திர தினம். அன்று முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தார்கள். அறிவிப்போடு நிறுத்தாமல் ஊழியர் சம்பளத்தை உயர்த்தினார்கள், மருந்து வாங்கினார்கள். மருந்துத் தட்டுப்பாடும் கைக்காசு வாங்குவதும் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. 2014-இல் எபோலா வந்தபோது ஆஸ்பத்திரி என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். இத்தனையும் தாண்டி, 2000-இல் லட்சத்துக்கு ஏறக்குறைய 1,700 ஆக இருந்த தாய் மரணம் 2023-இல் 350-ஐ ஒட்டி வந்துவிட்டது.

★

கென்யாவில் பிரசவக் கட்டணம் கட்ட முடியாத தாய்மாரைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலேயே பிடித்து வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பு சொன்னது. வழக்குத் தொடுத்தவர்கள் அப்படிப் பிடித்து வைக்கப்பட்ட ஏழைத் தாய்மார் இருவர்.

★

ஒரு தாயின் சாவுக்காக ஒரு நாட்டையே பொறுப்பாக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 2002-இல் பிரேசிலின் ரியோ மாநிலத்தில் அலினே என்ற கறுப்பினப் பெண், வயிற்றில் குழந்தை இறந்த பிறகும் வேண்டிய சிகிச்சை நேரத்துக்குக் கிடைக்காமல் இறந்தார். தாயார் விடவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2011-இல் பிரேசில் அரசே பொறுப்பு என்று முடிவு சொன்னது. தாய் மரணம் ஒன்றில் சர்வதேச அமைப்பு அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. 2024-இல் அந்நாடு தன் தாய்நலத் திட்டத்துக்கே அவர் பெயரைச் சூட்டியது.

★

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்கப் பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்டதும், ஆண் டாக்டரை மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும், அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை டாக்டராக்கி 1918-இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்க வைத்தது என்பதும் நம்மில் பலருக்குத் தெரிந்த கதை.

அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆப்கானிஸ்தானில் 2002-இல் கணக்கெடுத்தபோது லட்சத்துக்கு 1,600 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். படக்‌ஷான் மாகாணத்து ராக் என்ற மலை வட்டாரத்தில் அது 6,500. உலகில் எங்குமே அதுவரை பதிவாகாத எண். நாடு முழுக்கச் சில நூறு மருத்துவிச்சிகள்தான் மிஞ்சியிருந்தார்கள். பிறகு ஊர் ஊராகப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அவர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் மருத்துவிச்சிகள் உருவானார்கள், மரணம் வேகமாகச் சரிந்தது. 2024 டிசம்பரில் தாலிபான் ஆட்சி, பெண்கள் நர்சிங்கும் மருத்துவிச்சிப் படிப்பும் படிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. அங்கே ஆண் வைத்தியர் பெண்ணைத் தொடவும் தயங்க வேண்டும். இன்று பணியில் இருக்கும் மருத்துவிச்சிகள் ஓய்வு பெற்ற பிறகு அந்த மலைப் பெண்களுக்கு யார் வருவார்கள்? திண்டிவனத்து இரவை அறிந்த நமக்கு இது ஏதோ தூரதேசத்துச் செய்தியாக இருக்க முடியாது.

★

வாசல்வரை வைத்தியம் கொண்டு வருபவர்கள் பல நாடுகளில் பெண்கள். பாகிஸ்தானில் 1994 முதல் 'லேடி ஹெல்த் ஒர்க்கர்', தன் வீட்டின் ஓர் அறையையே சுகாதார வீடாக மாற்றி ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கவனிப்பவர். போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் இவர்களில் உண்டு. எத்தியோப்பியா 2003 முதல் பத்தாவது படித்த கிராமத்துப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்து, ஊருக்கு இருவர் வீதம், சம்பளத்தோடு நியமித்தது.

'சம்பளத்தோடு' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இந்தியாவில் 2005-இல் வந்த ஆஷா பணியாளர்கள் இன்று ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. ஆனால் ஏட்டில் அவர்கள் 'தன்னார்வலர்'. வேலைக்கு வேலை ஊக்கத்தொகை, மாதச் சம்பளம் கிடையாது. 2025 பிப்ரவரி முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் கேரள ஆஷாக்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தது அதற்காகத்தான். தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர் கிராம சுகாதார செவிலியர், நம் பேச்சில் நர்சம்மா. அவர் அரசு ஊழியர். மலைப்பகுதிகள்போலச் சில இடங்களில்தான் இங்கே ஆஷாக்கள்.

★

உலகச் சுகாதாரப் பணியாளர்களில் நூற்றுக்கு 70 பேர் பெண்கள். தலைமைப் பதவிகளில் 25.

★

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை கிடைக்கிறதா என்பதும் பெண்களின் உயிர்ப் பிரச்சினைதான். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், எவ்வளவுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று அதில் ஏறும். இந்த முறையைப் பார்த்துப் பல மாநிலங்கள் பின்பற்றின.

★

மானிட்டர், கம்ப்யூட்டர், ஆய்வகம் எதுவும் இல்லாமல் புற்றுநோயைத் தடுக்க முடியுமா? திண்டுக்கல் மாவட்டத்தில் செய்து காட்டினார்கள்.

2000-இல் தொடங்கிய ஆய்வு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பிலிருந்த டாக்டர் ஆர். சங்கரநாராயணன் முன்னின்று நடத்தினார். கருவி என்ன தெரியுமா? வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம், தண்ணீரில் கலந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ், நல்ல வெளிச்சத்தில், பஞ்சால் அதைக் கர்ப்பப்பை வாயில் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். புற்றுநோயாக மாறக்கூடிய பகுதி இருந்தால் அங்கே வெள்ளைத் திட்டு தெரியும். அப்படியிருந்தால் பெரும்பாலும் அங்கேயே உறைய வைக்கும் சிகிச்சை. வீட்டுக்குத் திருப்பி அனுப்பி, ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னால் கூலி வேலைக்குப் போகும் பெண் வரமாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்கள். சில ஊராட்சிகளில் பரிசோதனை, மற்றவற்றில் வழக்கமான வைத்தியம். ஏழு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதித்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. உலகின் எத்தனையோ ஏழை நாடுகளில் இன்று நர்சுகள் அந்தப் பஞ்சைத் தொட்டுத் தடவும்போது, அதற்குப் பின்னால் திண்டுக்கல்லின் கிராமத்துப் பெண்கள் தந்த சம்மதமும் இருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை உண்டு, காசு கிடையாது. கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டிருந்தால் தயவுசெய்து ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள்.

★

அதே நோய்க்குத் தடுப்பூசி வந்தபோது, ஆப்பிரிக்காவில் நாடு தழுவிய திட்டமாக அதை முதலில் தொடங்கியது ருவாண்டா, 2011-இல். பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட்டார்கள். பள்ளிக்கு வராத பெண் பிள்ளைகளை ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தேடினார்கள். முதல் வருடமே நூற்றுக்கு 93 பெண் பிள்ளைகள் மூன்று தவணையும் போட்டு முடித்தார்கள். பணக்கார நாடுகள் பலவற்றில் அப்போது அந்த அளவு இல்லை.

★

மாதவிலக்கு நாப்கினுக்கு விற்பனை வரியை முதலில் நீக்கிய நாடுகளில் ஒன்று கென்யா, 2004-இல். இந்தியா ஜி.எஸ்.டி.யை நீக்கியது 2018 ஜூலையில்.

★

பிரசவம் நாள்கணக்கில் இழுத்து, குழந்தையின் தலை உள்ளேயே அழுத்திக்கொண்டிருந்தால், மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். குழந்தை இறந்தே பிறக்கும், தாய்க்கு மூத்திரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். நாற்றத்துக்குப் பயந்து ஊர் ஒதுக்கும், புருஷன் விட்டுவிடுவான். ஃபிஸ்டுலா என்பார்கள். நேரத்துக்குச் சிசேரியன் கிடைக்கும் நாடுகளில் இது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது.

1959-இல் எத்தியோப்பியா போன ரெஜினால்டு, கேத்தரின் ஹாம்லின் தம்பதி இந்தப் பெண்களுக்கென்றே 1974-இல் அடிஸ் அபாபாவில் ஆஸ்பத்திரி கட்டினார்கள். இன்றுவரை 60,000-க்கும் அதிகமானோர் அவர்கள் தொடங்கிய அமைப்பில் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். 1960-களில் அவர்களிடம் வந்த நோயாளிகளில் ஒருவர் மாமிட்டு காஷே. மலைக் கிராமத்துப் பெண், எழுதப் படிக்கத் தெரியாது. தலைச்சன் பிரசவம் நான்கு நாள் இழுத்து, காயத்தோடு வந்தவர். சிகிச்சைக்குப் பிறகு திரும்பிப் போகாமல் அவர்களோடேயே தங்கி, நோயாளிகளுக்குப் படுக்கை விரிக்கத் தொடங்கினார். பிறகு ஆபரேஷன் அறையில் கருவி எடுத்துக் கொடுத்தார். அடுத்து என்ன வேண்டும் என்று கேட்காமலே அவர் கை நீள்வதைக் கண்ட ரெஜினால்டு, ஊசியை அவரிடமே கொடுத்துத் தைக்கக் கற்றுத்தந்தார். நாளாவட்டத்தில் வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் சர்ஜன்களுக்கு மாமிட்டு கற்றுக்கொடுக்கும் நிலை வந்தது. 1989-இல் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ், ஹாம்லின் தம்பதியுடன் சேர்த்து அவருக்கும் அறுவை சிகிச்சைக்கான தங்கப் பதக்கம் கொடுத்தது.

2007-இல் அதே ஆஸ்பத்திரிக்காரர்கள் மருத்துவிச்சிக் கல்லூரி ஒன்றும் திறந்தார்கள். கிராமங்களிலிருந்தே பெண்களைச் சேர்க்கிறார்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் தங்கள் பகுதிக்கே திரும்பிப் போய் அங்கே பிரசவம் பார்க்க வேண்டும்.